ஓர் அங்குலத் தண்ணீர்

அத்தியாயம் 14

போன் அடித்தபோது கலைவாணன் கள்ளக்குறிச்சியில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில், வாஷ் பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். பேசின் தண்ணீர் இறங்கும் பாட்டில் டிராப்பின் அடிக் கிண்ணத்தைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தான். அதில் தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீர் மணிக்கட்டில் விழுந்து முழங்கைக்கு ஓடியது. மறு கையால் சட்டைப் பையைத் தடவி போனை எடுத்தான்.

தங்கை பவானியின் புருஷன் அறிவுச்செல்வன்.

"மச்சான், எங்க இருக்க?"

"வேலைல. சொல்லு மாப்ள."

"புள்ள காலைலேர்ந்து பால் குடிக்கல. குடிச்ச கொஞ்சத்தையும் கக்கிடுச்சு. பவானிக்கு மூணு நாளா தலவலி. இன்னிக்கு எழுந்துக்கவே முடியல."

"டாக்டர் கிட்ட காட்னியா?"

"ஆட்டோக்குச் சொல்லியிருக்கேன். அதுக்கு முன்ன உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்." அறிவுச்செல்வன் குரலைத் தாழ்த்தினான். "அந்த ரூம்ல ஒரு நாத்தம் வருது. முட்ட அழுவுன மாரி. எலி செத்துக் கெடக்குதுன்றாங்க அம்மா. பீரோவ நவுத்திப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

கிண்ணம் கலைவாணன் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"ரூம வுட்டு வெளிய கூட்டியா."

"இன்னா?"

"புள்ளயையும் பவானியையும் மொதல்ல வெளிய கூட்டியா மாப்ள. சன்னலத் தொறந்து வுடு. நான் வந்துகினே இருக்கேன்."

கிண்ணத்தைத் தேடி எடுத்து, துடைத்து, திரும்ப மாட்டினான். மரை ஏறவில்லை. மூன்றாவது முறை ஏறியது. டாக்டரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தான் என்பது சங்கராபுரம் ரோட்டில் பாதி தூரம் வந்த பிறகும் நினைவுக்கு வரவில்லை.

அந்த பாத்ரூம் அவன் கட்டியது.

அம்மா இருந்திருந்தால் பவானி பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருப்பாள். அம்மா போய் இரண்டு வருடமாகிறது. ஆகையால் சங்கராபுரத்தில் புருஷன் வீட்டிலேயே இருந்தாள். அங்கே கழிப்பறை கொல்லையில். எட்டாம் மாதம் ஒரு மழை நாளில் படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். அடி இல்லை. ஆனால் கலைவாணன் அன்றைக்கே சொல்லிவிட்டான்: தாய்மாமன் சீராகப் பவுன் போடப்போவதில்லை, வீட்டுக்குள்ளேயே பாத்ரூம் கட்டித் தரப்போகிறேன். எட்டே நாளில் முடித்தான். தெருவே வந்து பார்த்தது. ஃப்ளஷ்ஷை அழுத்திப் பார்த்தவர்களும் உண்டு.

யாருக்கும் தெரியாத ஒன்று அவனுக்கு மட்டும் தெரியும்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இடிக்கவும் தோண்டவும் கூடாது என்று பவானியின் மாமியார் பெருமாயி முதலிலேயே தடுத்தாள். ஒரே நாள்தான் தோண்டுவேன், அப்புறம் சத்தமே இருக்காது என்று அவன் வாக்குக் கொடுத்தான். அந்த ஒரு நாளில் எட்டு அங்குலத்துக்குக் கீழே பாறை வந்தது. பிரேக்கர் மிஷினை வைத்தான். சுவர் அதிர்ந்தது. எட்டிப் பார்த்தால் அடுத்த அறையில் பவானி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அவன் மிஷினை நிறுத்திவிட்டான்.

தரைத் தண்ணீர் இறங்கும் வளைவுக்கு வாங்கி வைத்திருந்த நகானி டிராப் அந்தக் குழிக்குள் இறங்கவில்லை. அதில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும். கடைக்குப் போய்க் குட்டையான ஒன்றை வாங்கி வந்தான். அதில் ஓர் அங்குலம்தான் நிற்கும். மொட்டை மாடிக்குப் போகும் காற்றுக் குழாய் ஒழுங்காக இருந்தால் ஓர் அங்குலமே போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே டைல்ஸ் ஒட்டினான்.

குழந்தை பிறந்த பதினெட்டு நாளில் எத்தனை முறை போன் செய்திருப்பான்! "பாத்ரூம் எப்டி இருக்குது?" என்றுதான் ஒவ்வொரு முறையும் ஆரம்பிப்பான். "மொதல்ல புள்ள எப்டி இருக்குதுன்னு கேளுண்ணா" என்று பவானி சிரிப்பாள்.

வீட்டு வாசலில், தகரக் கூரைக்குக் கீழே, காதோடு சேர்த்துத் துணி கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் பவானி உட்கார்ந்திருந்தாள். குழந்தை பெருமாயியின் மடியில். தூங்குகிறதா, துவண்டு கிடக்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

"வா தம்பி" என்றாள் பெருமாயி. "பச்ச ஒடம்புக்காரிய காத்துல ஒக்கார வெக்கச் சொன்னியாமே. டாக்டருக்குப் படிச்சியா?"

"இல்லத்த. பிளம்பருக்குத்தான்."

"தெரியுது."

"அண்ணன வுடுங்கத்த" என்றாள் பவானி. கண்ணைத் திறக்காமலே பேசினாள். "ண்ணா, வெளிய வந்ததும் தலவலி கொஞ்சம் கம்மியா இருக்குது."

நல்ல செய்திதான். ஆனால் கோளாறு அந்த அறையில்தான் என்று அது சொன்னது.

ஆட்டோ வந்தது. அறிவுச்செல்வன் பையும் பிளாஸ்கும் தேடினான். பை மட்டும்தான் கிடைத்தது. பவானி குழந்தையை வாங்கிக்கொண்டு அவனோடு ஏறினாள். வண்டி கிளம்பும்போது தலையை வெளியே நீட்டினாள்.

"எலியா இன்னான்னு பாத்துச் சொல்லுண்ணா."

தலையாட்டினான்.

அறைக்குள் சாம்பிராணிப் புகை இன்னும் நின்றது. அதற்கு அடியில் அந்த வாடை. காற்று படக் கூடாது என்று சன்னலுக்குக் கட்டிய போர்வை, அவன் போனில் சொல்லியும், அப்படியே இருந்தது. கலைவாணன் போர்வையைப் பிடுங்கினான். கனல் இருந்த தட்டை எடுத்து வாசலில் வைத்துவிட்டு வந்தான்.

"இந்த ரூம்ல இனிமே நெருப்பு வெக்காதீங்கத்த."

"எலி நாத்தத்துக்குப் போட்டேன்."

"எலி இல்ல."

பெருமாயி பாத்ரூம் வாசலில் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். கட்டிய நாளிலிருந்து அவள் அதற்குள் கால் வைத்ததில்லை. அவளுக்குக் கல்வராயன் மலையில் இரண்டு ஏக்கர் காடு. மாதத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. சோறு தின்னும் வீட்டுக்குள் கக்கூஸ் எதற்கு என்று முதல் நாளே கேட்டவள்.

பேசினுக்கு அடியில் பாட்டில் டிராப்பைத் தட்டினான். மந்தமான சத்தம். தண்ணீர் இருக்கிறது. க்ளோசெட்டின் கழுத்திலும் தண்ணீர் நின்றது. மூலைக்குப் போய்த் தரையிலிருந்த ஜல்லடை மூடியைத் தூக்கி டார்ச் அடித்தான்.

வறண்டு கிடந்தது. தண்ணீர் நின்ற இடத்தில் வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது. குனிந்த முகத்தில் சில்லென்று காற்று அடித்தது. அந்தக் காற்றில்தான் வாடை.

வாளியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு ஊற்றினான். இரண்டு குமிழி வந்து உடைந்தது. காற்று நின்றது.

பெருமாயி முந்தானையை மூக்கிலிருந்து எடுத்து முகர்ந்து பார்த்தாள். "ஒரு சொம்பு தண்ணிக்கு அடங்கிடுச்சே. இன்னா பண்ண?"

"கீழ பைப்பு வளைஞ்சிருக்குதுத்த. வளைவுல கொஞ்சம் தண்ணி நிக்கும். அது நின்னா கக்கூஸ் டேங்க் காத்து தாண்டி வராது. தண்ணிதான் கதவு."

"இதுக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும். கை கழுவுற எடத்துல கிண்ணம் மாரி தொங்குது பாருங்க, அதுக்குள்ளயும் தண்ணி நிக்குது. அந்த நாற்காலி கக்கூஸ்ல கழுத்தே வளைவுதான். அடுப்படித் தண்ணி வெளிய போற எடத்துல ஒரு குட்டித் தொட்டி வெச்சிருக்கேன், அங்கயும் அதான்."

"மலையில ஒரு கதவும் இல்ல. ஒரு நாத்தமும் இல்ல."

"அங்க மேல ஆகாசம் இருக்குதுத்த."

"ஆமா, எனக்கு மலையச் சொல்லிக் குடு."

அவனால் சிரிக்கக்கூட முடிந்தது. "இங்க யாரும் குளிக்கிறதில்லயா?"

"பச்ச ஒடம்புக்காரி இங்க எப்டிக் குளிப்பா? கொல்லையில வேப்பிலத் தண்ணி காய வெச்சு நான்தான் ஊத்தறேன். நாங்களும் அங்கதான் குளிக்கிறோம். இத கக்கூஸ் போறதுக்கு மட்டும்தான் வெச்சிருக்கா."

அப்படியென்றால் யாரும் தரையில் தண்ணீர் ஊற்றவில்லை. காய்ந்துவிட்டது. அவ்வளவுதான். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் போதும். போன் வந்ததிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது போலிருந்தது. எழுந்தான், க்ளோசெட்டை ஒருமுறை ஃப்ளஷ் செய்தான்.

மூலையில் 'கொளக்' என்றது.

மண்டியிட்டு டார்ச் அடித்தான். இப்போதுதான் ஊற்றிய தண்ணீர். பாதி இல்லை. திரும்ப ஒரு முறை ஃப்ளஷ் செய்துவிட்டு ஓடி வந்து பார்த்தான். தண்ணீர் மொத்தமும் வளைவைத் தாண்டி உள்ளே இழுபட்டுப் போனது. சில்லென்ற காற்று திரும்பவும் முகத்தில் அடித்தது.

"இன்னா தம்பி?"

"உறிஞ்சுது."

"எது?"

அவன் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான். குழாயில் தண்ணீர் வேகமாக இறங்கும்போது அதற்குப் பின்னால் காற்று வேண்டும். மேலே திறந்த குழாய் வழியாக அது வரும். அந்த வழி இல்லையென்றால் பக்கத்திலிருக்கிற வளைவுத் தண்ணீரை இழுத்துக்கொண்டுதான் போகும். மேலே என்னவோ அடைத்திருக்கிறது.

மொட்டை மாடிக்கு ஓடினான்.

தார்ப்பாயில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. மூலையில் காற்றுக் குழாய். அதன் தலையில் ஒரு யூரியா சாக்கு கவிழ்த்து, கயிறு போட்டு மூன்று சுற்று இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சு நல்ல முடிச்சு. பண்ணையில் மூட்டை கட்டுகிற கட்டு.

பின்னால் மூச்சிரைக்கப் பெருமாயி வந்தாள்.

"அத நான்தான் கட்னேன்" என்றாள். பெருமையாகச் சொன்னது போலிருந்தது. "குப்புன்னு அடிக்குது தம்பி, காத்து இந்தப் பக்கம் திரும்பினா. சாமையில ஏறிச்சுன்னா யாரு துன்னுவா? ஞாயித்துக்கெழம பேரனுக்குப் பேரு வெக்கிறப்ப பொங்கறதுக்குன்னு மலையிலேர்ந்து எறக்கியாந்தேன்."

"என்னிக்குக் கட்னீங்க?"

"திங்கக்கெழம."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். உதடு அசைந்தது. திங்கள். செவ்வாய் காலையில்தான் பவானி தலைவலி என்றாள். பெருமாயி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழாயைப் பார்த்தாள்.

"நானா?"

கலைவாணன் முடிச்சை அவிழ்த்தான். அது எளிதில் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தான்.

"தம்பி, நானான்னு கேக்கறேன்."

"தெரியாம பண்ணதுதானே அத்த."

அவள் அப்படியே சாமை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் கீழே வந்தான். மூலையில் தண்ணீர் ஊற்றினான். ஃப்ளஷ் செய்தான். தண்ணீர் நடுங்கியது, ஆனால் நின்றது. கம்பித் துண்டை விட்டு ஆழம் பார்த்தான். முக்கால் அங்குலம். ஒரு வாளித் தண்ணீரைக் க்ளோசெட்டில் கொட்டிக்கொண்டே ஃப்ளஷ்ஷையும் அழுத்தினான். அரை அங்குலம்.

அரை அங்குலம். ஒரு வாரம் வெயில் அடித்தால் காயும்.

கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். இரண்டு அங்குலம் நின்றிருந்தால் சாக்குக் கட்டியிருந்தாலும் கொஞ்சம் தங்கியிருக்கும். ஒருவேளை தங்கியிருக்காது. ஒருவேளை. அதை இனிமேல் யாரும் கண்டுபிடிக்க முடியாது. பாறையைக் கேட்டால்தான் உண்டு.

போன் எடுத்து அறிவுச்செல்வனைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. ஐந்தாவது முறை கூப்பிடும்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

அறிவுச்செல்வன் யாருடைய பைக்கிலோ வந்து இறங்கினான். சட்டையில் பால் கக்கிய கறை.

"பிளாஸ்க் எங்க? ரெண்டு நாள் அங்கயே வெச்சிருந்து பாக்கணும்ன்றாங்க."

"புள்ள?"

"இப்போ கொஞ்சம் குடிச்சுது. கண்ணத் தொறந்து பாக்குது. பவானிக்கு ஊசி போட்டிருக்காங்க." அறிவுச்செல்வன் சுவரில் சாய்ந்தான். "காத்து வராத ரூமான்னு கேட்டாரு டாக்டர். நாத்தத்தப் பத்திச் சொன்னேன். அதனாலயும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம், பாத்துட்டுத்தான் சொல்லணும்ன்றாரு. இன்னா மச்சான் அது?"

கலைவாணன் வாயைத் திறப்பதற்குள் பெருமாயி மாடிப் படியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். சேலையெல்லாம் சாமை ஒட்டியிருந்தது.

"நான்தான்டா. மேல அந்தக் கொழாய மூடிட்டேன்."

"எந்தக் கொழாய?"

"காத்து போறத. சாமைக்கு நாத்தம் அடிக்குதுன்னு சாக்கு போட்டுக் கட்டிட்டேன். அதான் கீழ வந்திருக்குது."

அறிவுச்செல்வன் பள்ளிக்கூட வாத்தியார். அதிர்ந்து பேசாதவன். இப்போது அவன் கத்தியது எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு இருந்தது.

"உனக்கு சாமை பெருசா, புள்ள பெருசாம்மா? கட்டும்போதே வேணாம் வேணான்னுகினு இருந்த. கட்னப்பறம் கெடுத்து வுட்டுட்ட. ஒருத்தர ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல."

"மச்சான் எட்டு நாளு தூங்காம செஞ்ச வேலை. கூடப் பொறந்தவளுக்குன்னு பாத்துப் பாத்து செஞ்சாரு. அதுல போயி யூரியா சாக்க மாட்டியிருக்க!"

பெருமாயி நின்று கேட்டாள். மகன் மூச்சு வாங்கியபோது சொன்னாள்:

"நாலு மணி பஸ்ஸுக்கு நான் மலைக்குப் போறேன். பேரு வெக்கிறத நீங்களே வெச்சிக்குங்க. நான் வரல."

அவள் முறத்தைத் தேடி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். தானியத்தைச் சாக்கில் அள்ளிப் போடும் சத்தம் மேலிருந்து சரக் சரக்கென்று கேட்டது.

கலைவாணன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். சாக்கை அவிழ்த்தாகிவிட்டது. வாடை நின்றுவிட்டது. அவள் பஸ் ஏறிவிட்டால் இந்தப் பேச்சு முடிந்துவிடும். தினமும் ஒரு சொம்பு ஊற்றுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். டைல்ஸுக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?

"நீ இன்னா மச்சான் பண்ணுவ பாவம்" என்றான் அறிவுச்செல்வன். "வேலையப் போட்டுட்டு வந்திருக்க."

"மாப்ள, உங்கம்மாவக் கூப்புடு."

"போவட்டும் வுடு."

"கூப்புடு. அவங்களும் கேக்கணும்."

பெருமாயி பாதிப் படியில் நின்றாள். கையில் முறம்.

"அவங்க கட்னது தப்புதான்" என்றான் கலைவாணன். "ஆனா அவங்க மட்டும் இல்ல. உள்ள நான் வெச்சிருக்கறது குட்டை டிராப். ரெண்டு அங்குலம் தண்ணி நிக்கணும். இதுல ஒண்ணுதான் நிக்கும். பாறை வந்துடுச்சு. ஒடைக்கல. தெரிஞ்சேதான் வெச்சேன்."

"யாருக்குத் தெரிஞ்சு?"

"எனக்கு மட்டும்."

அறிவுச்செல்வன் பாத்ரூம் கதவைப் பார்த்தான். "ஏன் ஒடைக்கல?"

"பவானி அந்தப் பக்கம் நின்னுகினு இருந்தா. வயித்தப் புடிச்சிகினு."

பெருமாயி ஒரு படி இறங்கினாள். ஏதோ சொல்ல வந்தாள். அப்போதுதான் அறிவுச்செல்வனின் போன் அடித்தது. பவானி. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"பிளாஸ்க் எடுத்தீங்களா? அண்ணன் இருக்குதா அங்க?"

"இருக்கேன்" என்றான் கலைவாணன்.

"இன்னான்னு தெரிஞ்சுதாண்ணா?"

பெருமாயி வேகமாகக் கையை ஆட்டினாள். வாயருகே கொண்டுவந்து விரலை வைத்தாள். "சொல்லாத" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். மாரைத் தொட்டுக் காட்டினாள். கவலைப்பட்டால் பால் நின்றுவிடும்.

"ண்ணா? உன்னத்தான். நீ கட்னதுல ஒண்ணும் இல்லல்ல? சொல்லிடு. டாக்டர் திரும்பத் திரும்ப அதையே கேக்கறாரு."

"இருக்குது பாப்பா."

"இன்னா இருக்குது?"

சொன்னான். பாறை, குட்டை டிராப், ஓர் அங்குலம். சாக்கைப் பற்றி அவன் சொல்லவில்லை. பெருமாயி படியிலிருந்தே உரக்கச் சொன்னாள்: "மேல கொழாய நான் மூடிட்டேன்டி. அவன் மட்டும் இல்ல."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஒடைச்சுட்டு புதுசா போட்டுடறேன்" என்றான் கலைவாணன். "அதுவரைக்கும் நீயும் புள்ளயும் நம்ம வூட்டுக்கு வந்துடுங்க. நாலே நாளு."

"உன் வூட்டு பாத்ரூமும் நீதான கட்ன?"

அவன் போனுக்கு இன்னும் பக்கத்தில் வந்தான்.

"தெனம் போன் பண்ணி பாத்ரூம் எப்டி இருக்குதுன்னு கேட்டியே" என்றாள் பவானி. குரல் உயரவில்லை. "நானும் லூசு மாரி சிரிச்சிகினு இருந்தேன். ஒனக்குத் தெரிஞ்சுதான் கேட்டிருக்க."

"பாப்பா..."

"அந்த வூட்டுக்கு நான் வரல. உன் வூட்டுக்கும் வரல."

அறிவுச்செல்வன் போனை வாய்க்கருகே கொண்டுபோனான். "பவானி, பச்சப் புள்ளய வெச்சிகினு இன்னா பேச்சு பேசற? வேற எங்க போவ?"

"ரெண்டு நாளு இருக்குது இல்ல" என்றாள் அவள். "யோசிச்சுச் சொல்றேன். பிளாஸ்க மட்டும் யார் கிட்டயாவது குடுத்தனுப்புங்க. நீங்க யாரும் வர வேணாம்."